உணவுப் படத்தைத் திருத்த எந்த மென்பொருள்?

இரவு நேரம். சமையலறையில் குண்டு பல்பு எரிகிறது. வெள்ளைப் பீங்கான் தட்டில் அம்மா அதிரசம் எடுத்து வைக்கிறார். அழகாக இருக்கிறதே என்று கைப்பேசியில் படம் எடுக்கிறீர்கள். படத்தைப் பார்த்தால் தட்டு வெள்ளையாக இல்லை. மஞ்சள் நீரில் தோய்த்தது போல் இருக்கிறது. அதிரசத்தின் நிறமும் மாறிவிட்டது. இதைச் சரிசெய்ய எந்த மென்பொருள் நல்லது?

என் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும். அவை செய்யும் வேலை மாறுவதில்லை. அந்த வேலை என்ன என்று தெரிந்துகொண்டால் நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

கண் செய்யும் திருத்தம்

ஒளியின் நிறத்தைக் கெல்வின் அளவில் குறிப்பது வழக்கம். மெழுகுவத்திச் சுடர் ஏறத்தாழ 1,900 கெல்வின். குண்டு பல்பு 2,700. நண்பகல் வெயில் 5,500. எண் குறையக் குறைய ஒளியில் சிவப்பின் பங்கு மிகும். எண் கூடக் கூட நீலத்தின் பங்கு மிகும்.

குண்டு பல்பின் கீழ் வெள்ளைத் தட்டிலிருந்து உங்கள் கண்ணுக்கு வருவதும் மஞ்சள் கலந்த ஒளிதான். ஆனால் கண்ணும் மூளையும் சூழ்ந்திருக்கும் ஒளிக்குப் பழகிக்கொண்டு, ‘இது வெள்ளைத் தட்டு’ என்று முடிவு செய்துவிடுகின்றன. கேமரா அப்படிப் பழகுவதில்லை. அதிலுள்ள கணிப்பொறி ஒளியின் நிறத்தை ஊகித்துத் திருத்தப் பார்க்கும். ஊகம் தவறினால் படம் மஞ்சளாகும்.

ஒரு சிறு கணக்கு

கேமராவின் உணர்வியில் பல இலட்சம் ஒளிக் கட்டங்கள் உள்ளன. அவற்றின் மேல் வண்ண வடிகட்டிகள் பதிக்கப்பட்டிருக்கும். நான்கு கட்டங்களில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்பவருக்கு 1976-இல் காப்புரிமை பெற்றுத் தந்த அமைப்பு இது. எனவே படத்தின் ஒவ்வொரு புள்ளியும் கடைசியில் மூன்று எண்களே: சிவப்பு, பச்சை, நீலம்.

நம் படத்தில் வெள்ளைத் தட்டின் ஒரு புள்ளி 240, 200, 120 என்று பதிவாகியிருப்பதாகக் கொள்வோம். வெள்ளை என்றால் மூன்றும் சமமாக இருக்க வேண்டும். பச்சையை அப்படியே விட்டுவிடுவோம். சிவப்பை 200/240 ஆலும், நீலத்தை 200/120 ஆலும் பெருக்கினால் மூன்றும் 200 ஆகிவிடும். தட்டு வெள்ளையாயிற்று!

இனி அதே பெருக்கு எண்களை அதிரசத்துக்கும் பயன்படுத்துங்கள். அது 180, 90, 30 என்று இருந்தால், 150, 90, 50 என்று மாறும். மிகையான சிவப்பு குறைந்து, வெல்லத்தின் பழுப்பு நிறம் திரும்பும். வெண்சமன் என்று சொல்வது இந்தப் பெருக்கலைத்தான். நல்ல மென்பொருளில் இதற்கென்று சொட்டுக்குழாய் போன்ற ஒரு குறி இருக்கும். அதைத் தட்டின் மேல் வைத்துத் தொட்டால் போதும். கணக்கை அது பார்த்துக்கொள்ளும்.

படிகள் எத்தனை?

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஜேபெக் வகைப் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட்டுகள்தாம். அதாவது 0 முதல் 255 வரை 256 படிகள். நீலத்தை நாம் 1.67 ஆல் பெருக்கினோம் அல்லவா? 10, 11, 12 என்று அடுத்தடுத்து இருந்த படிகள் 17, 18, 20 என்றாகும். 19 எங்கே? அந்தப் படியே இல்லை. இப்படிப் பல இடங்களில் படிகள் விட்டுப்போனால், தட்டின் நிழல் பகுதி வழவழப்பாக இல்லாமல் பட்டை பட்டையாகத் தெரியும்.

உணர்வி அளந்ததைக் குறைக்காமல் அப்படியே சேமிப்பது ‘ரா’ எனப்படும் மூலப் பதிவு. அது 12 பிட்டானால் 4,096 படிகள்; 14 பிட்டானால் 16,384. பெருக்கினாலும் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. தவிர, ஜேபெக் ஆக்கும்போது கேமரா எண்களை ஒரு வளைகோட்டின்படி மாற்றிவிடுகிறது. நாம் போட்ட எளிய பெருக்கல் மூலப் பதிவில்தான் சரியாகப் பொருந்தும்.

இல்லாததைக் கொண்டுவர முடியுமா?

இட்லியைப் பளீரென்று படம் எடுத்தால் அதன் மேற்புறம் முழுவதும் 255 ஆகிவிடும். படி நிரம்பிய பின் ஊற்றிய பால் எவ்வளவு என்று படியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதுபோல, 255-ஐத் தாண்டிய ஒளி எவ்வளவு என்று படத்துக்குத் தெரியாது. இட்லியின் நுண்துளைகள் போனது போனதுதான்.

விளக்கும் அப்படியே. வெள்ளை எல்.இ.டி. விளக்கில் இருப்பது பெரும்பாலும் 450 நானோமீட்டர் அளவில் நீல ஒளி தரும் சில்லு. அதன் மேல் பூசிய பொருள் அந்த ஒளியில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. இரண்டும் கலந்து வெள்ளையாகத் தோன்றும். தரம் குறைந்த விளக்கில் அடர் சிவப்பு ஒளி மிகக் குறைவு. தக்காளி சிவப்பாகத் தெரிய வேண்டுமானால் சிவப்பு ஒளி அதன் மேல் விழ வேண்டும். விழாத ஒளியை எந்த மென்பொருளும் அளந்து தர முடியாது. ஊகித்துப் பூசத்தான் முடியும். ஆகவே முதல் திருத்தம் சன்னலோரம் தட்டை நகர்த்துவதே. அதற்குச் செலவு ஏதுமில்லை.

நான் செய்த தவறு

என் தங்கை வீட்டிலேயே அதிரசம் செய்து விற்கிறாள். ஒரு தீபாவளிக்கு முன் அவள் எடுத்த படம் மங்கலாக இருந்தது. இயற்பியல் ஆசிரியனாகிய நான் என்ன செய்தேன் தெரியுமா? நிறச்செறிவை மனம்போல் ஏற்றி, அதிரசத்தைப் பொன்னாக ஒளிரச் செய்து அனுப்பினேன். அந்தப் படத்தைப் பார்த்து வாங்கிய ஓர் அம்மாள், பெட்டியைத் திறந்ததும், “படத்துல பொன்னாட்டம் இருந்துச்சு. இது கறுத்துப்போயிருக்கே, பழசா?” என்று கேட்டுவிட்டார். அன்று காலையில் சுட்ட அதிரசம் அது! பழைய படத்தைக் காட்டலாமென்று தேடினால், அதன் மேலேயே புதியதைச் சேமித்திருக்கிறேன். தங்கை பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். “அண்ணே, நீங்க சரி பண்ணலை, மாத்திட்டீங்க” என்று மட்டும் சொன்னாள்.

சரிசெய்வதற்கும் மாற்றுவதற்கும் எல்லை எங்கே? வெள்ளைத் தட்டு வெள்ளையாக வேண்டும் என்று படம் முழுவதையும் ஒரே கணக்கால் பெருக்குவது திருத்தம். தட்டை விட்டுவிட்டுப் பண்டத்துக்கு மட்டும் நிறம் ஏற்றினால் அது மாற்றம். வாங்குபவர் நம்பிப் பணம் கொடுக்கும் படத்தில் இந்த வேறுபாடு பெரியது.

நான்கு கேள்விகள்

எந்த மென்பொருளையும் இந்த நான்கு கேள்விகளால் சோதியுங்கள்.

1. மூலப் பதிவைத் திறக்குமா?
2. வெள்ளையைத் தொட்டுக் காட்டும் வசதி உண்டா?
3. 255-ஐத் தொட்ட புள்ளிகள் எத்தனை என்று காட்டும் நிகழ்வுச் செவ்வகம் உண்டா? கணக்குப் பாடத்தில் நீங்கள் வரைவதே அது.
4. முதற்படத்தைத் தொடாமல், செய்த திருத்தங்களை மட்டும் தனியே குறித்துக்கொள்ளுமா?

கட்டணமில்லாத டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் நான்குக்கும் ‘ஆம்’ என்கின்றன. கட்டணம் செலுத்திப் பெறும் லைட்ரூமும் (2007) அப்படியே. கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995-இல் தொடங்கிய கிம்ப், கட்டணமில்லாத மற்றொரு மென்பொருள். ஒட்டவும் வெட்டவும் எழுத்துச் சேர்க்கவும் ஏற்றது. ஆனால் மூலப் பதிவைத் திறக்க முன்சொன்ன இரண்டில் ஒன்றின் துணை அதற்கு வேண்டும். கைப்பேசி மட்டுமே இருந்தால் ஸ்னாப்சீட் போதும். படத்தை வேறு பெயரில் ஒரு படி எடுத்துவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

செய்து பாருங்கள்

வெள்ளைத் தட்டில் நறுக்கிய தக்காளியை வைத்து, பகலில் சன்னலோரம் ஒரு படமும் இரவில் விளக்கின் கீழ் ஒரு படமும் எடுங்கள். பிளாஷ் வேண்டாம். இரண்டிலும் தட்டைத் தொட்டு வெண்சமன் செய்யுங்கள். தட்டுகள் இரண்டும் ஒன்றுபோலாகும். தக்காளிகளும் ஒன்றுபோலாகின்றனவா? ஆகவில்லையெனில் ஏன்?

இன்னொரு கேள்வி. தட்டின் ஒரு பாதியில் சன்னல் வெளிச்சமும் மறுபாதியில் பல்பு வெளிச்சமும் விழுந்தால், ஒரே பெருக்கு எண்ணால் இரண்டையும் வெள்ளையாக்க முடியுமா? காகிதத்தில் எண்களைப் போட்டுப் பாருங்கள்.