புகை விடாத கம்பெனிக்கு என்ன கார்பன் கணக்கு?

கேள்வி: அறந்தாங்கிக்குப் பக்கத்தில் எங்களுக்கு மானாவாரி நிலம் இருக்கிறது. சோலார் மின் நிலையம் அமைக்கக் குத்தகைக்குக் கேட்கிறார்கள். வந்தவர்கள் கொடுத்த அறிக்கையில் '2040-க்குள் நெட் ஜீரோ' என்று இருக்கிறது. ஒரு பக்கத்தில் இத்தனை லட்சம் டன் கார்பனைத் தவிர்த்தோம் என்கிறார்கள். இன்னொரு பக்கத்தில் இத்தனை டன் வெளியிட்டோம் என்கிறார்கள். வெயிலில் கரண்ட் எடுக்கிறவர்கள் எதை வெளியிடுகிறார்கள்? இதை நம்பிக் கையெழுத்துப் போடலாமா?

— ஒரு வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்த நெடுவாசல் போராட்டத்தைப் பார்த்த மாவட்டம் உங்களுடையது. கம்பெனிக் காகிதத்தைச் சந்தேகத்தோடு படிப்பது உங்கள் பக்கத்தில் புதிதல்ல. அப்படியே படியுங்கள்.

நிறுவனங்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஜிஎச்ஜி புரோட்டகால் என்ற கணக்கு முறை, உமிழ்வை மூன்று ஸ்கோப்பாகப் பிரிக்கிறது. நிறுவனம் தானே எரிப்பதும் கசிய விடுவதும் ஸ்கோப் 1. ஜெனரேட்டர் டீசல், ஜீப், ஸ்விட்ச்யார்டு கருவிகளில் அடைத்திருக்கும் எஸ்எஃப்6 வாயு எல்லாம் இதில் வரும். அந்த வாயு ஒரு கிலோ கசிந்தால் 23 டன் கரியமில வாயுவுக்கு மேல் கணக்கு ஏறும். வெளியே வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2; சோலார் நிலையத்துக்கும் ராத்திரி விளக்கு எரிய வெளிக் கரண்ட் வேண்டும். சோலார் தகடு, இரும்பு, அலுமினியம், சிமென்ட், கப்பல், லாரி என்று மற்றதெல்லாம் ஸ்கோப் 3.

சோலார் கம்பெனியின் கணக்கில் கனமானது இந்த மூன்றாவதுதான். சிலிக்கானைத் தூய்மைப்படுத்த ஏராளமான மின்சாரம் செலவாகும். உலகின் தகடுகளில் பெரும்பகுதி சீனாவில், பெருமளவு நிலக்கரி மின்சாரத்தில் தயாராகிறது. அப்படியும், தகடு செய்வதிலிருந்து கழிப்பது வரை எல்லாம் சேர்த்து, பெரிய சோலார் நிலையத்தின் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 48 கிராம் கரியமில வாயு, நிலக்கரிக்கு 820 கிராம் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2014-இல் சொன்னது. ஆகவே சோலார் நல்லதா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அறிக்கை முழுக் கதையைச் சொல்கிறதா என்பதே கேள்வி.

'தவிர்த்தோம்' என்ற எண்ணுக்கு வருவோம். ஒரு மெகாவாட் நிலையம் நான்கைந்து ஏக்கர் பிடிக்கும்; நம் வெயிலுக்கு ஆண்டில் சுமார் 16 லட்சம் யூனிட் தரும். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்துப் பெருக்கினால் 1,100 டன்னுக்கு மேல் வரும். இது எங்கோ எரியாமல் மிஞ்சிய நிலக்கரியின் மதிப்பீடு. கம்பெனி தன் உமிழ்வைக் குறைத்ததாக ஆகாது. மூன்று ஸ்கோப்பிலிருந்தும் இதைத் தனியே காட்ட வேண்டும் என்பது அந்தக் கணக்கு முறையின் விதி. அதே மின்சாரத்தைப் பசுமைச் சான்றிதழோடு வாங்கும் ஆலையும் 'நாங்கள் பசுமை மின்சாரம்தான் பயன்படுத்துகிறோம்' என்று சொல்லிக்கொள்ளும். அப்படி ஒரே பலன் இரண்டு இடத்தில் எண்ணப்படும். 'தவிர்த்தோம்' என்ற எண்ணைத் தன் உமிழ்விலிருந்து கழித்து ஒருவர் நெட் ஜீரோ, அதாவது நிகர உமிழ்வு பூஜ்ஜியம் என்றால் ஏற்காதீர்கள்.

அடுத்து, நெட் ஜீரோ வாக்குறுதியில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்கள், ஸ்கோப் 3 உள்ளே இருக்கிறதா, குறைவது மொத்த டன்னா அல்லது ஒரு ரூபாய் விற்பனைக்கு இத்தனை என்ற விகிதமா. வியாபாரம் பெருகினால் விகிதம் இறங்கும். டன் ஏறிக்கொண்டே போகும். உதாரணத்துக்கு, டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் முன்பு எண்ணெய், எரிவாயு, நிலக்கரி என்று இருந்த நிறுவனம். 2006-ஐ அடிப்படை ஆண்டாக வைத்து உமிழ்வைக் குறைத்துக்கொண்டே வந்து, 2024-இல் கடைசி நிலக்கரி நிலையத்தை மூடியது. மூன்று ஸ்கோப்பையும் சேர்த்து 2040 என்று கெடு வைத்திருக்கிறது. வாக்குறுதி என்றால் இப்படிச் சரிபார்க்கும்படி இருக்க வேண்டும்.

இந்தியப் பங்குச் சந்தையில் மதிப்பின்படி முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் பிஆர்எஸ்ஆர் என்ற அறிக்கையைத் தர வேண்டும் என்பது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் கட்டளை. அதில் ஸ்கோப் 1, 2 கட்டாயம்; ஸ்கோப் 3 விருப்பம். கனமான பகுதியே விருப்பத்தில் போனதில் எனக்கு உடன்பாடில்லை. தண்ணீர் எடுப்பும் பிஆர்எஸ்ஆரில் இருக்கும். தகடு கழுவத் தண்ணீர் வேண்டும் என்பதால், ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழும் உங்கள் ஊருக்கு அந்தப் பக்கம் முக்கியம்.

கடைசியாகச் சொன்னாலும், நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது பெயரை. பளபள அறிக்கை தாய் நிறுவனத்துடையதாக இருக்கும். குத்தகைப் பத்திரத்தில் அந்தத் திட்டத்துக்கென்றே தொடங்கிய சிறு துணை நிறுவனம் கையெழுத்துப் போடும். அந்தத் துணை நிறுவனம் அறிக்கையின் எல்லைக்குள் வருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்தது கழிவு: தகட்டின் ஆயுள் சுமார் 25 ஆண்டு. 2022-இன் மின்கழிவு விதிகள் தகட்டுக் கழிவின் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன. ஆனால் உங்கள் வயலிலிருந்து கான்கிரீட்டைப் பெயர்த்து நிலத்தைப் பழையபடி ஒப்படைப்பது யார் என்பதைப் பத்திரம்தான் சொல்ல வேண்டும். அறிக்கையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த விஷயங்கள் பத்திரத்தில் ஏறிய பிறகு, ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.