இறங்குவதற்கும் ஆக்சிஜன் வேண்டும்

கேள்வி: கோவையில் பம்ப்செட் மோட்டார் தயாரிக்கிறோம். அப்பா ஆரம்பித்த தொழில். மூன்று வருடங்களுக்கு முன் சோலார் பம்ப் பிரிவு ஒன்றைத் தொடங்கினேன். ஒன்றரை வருடத்தில் அது சொந்தக் காலில் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இன்றுவரை பழைய பிரிவின் லாபத்தைத்தான் தின்றுகொண்டிருக்கிறது. வீட்டுப் பத்திரத்தையும் வங்கியில் வைத்தாகிவிட்டது. சென்ற மாதம் தொழில்முனைவோர் கூட்டம் ஒன்றில், எவரெஸ்ட் ஏறுகிறவர்களைப் போலக் கடைசி நூறு மீட்டரில் மனம் தளராதவர்தான் தலைவர் என்று பேசினார்கள். என்னிடம் வேலை செய்பவர்களும் யாரும் இதுவரை 'போதும்' என்று சொன்னதில்லை. தொடர்ந்து ஏறலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்:

அந்தக் கூட்டத்தில் உங்களுக்குச் சொன்னது மலையின் பாதிக் கதை. ஆபத்தான பாதியும் அதுதான். கடைசி நூறு மீட்டரைப் பற்றி அறிய விரும்புகிறவர், 1996 மே மாதம் எவரெஸ்டில் நடந்ததைப் படிக்க வேண்டும்.

சுவீடனிலிருந்து சைக்கிளிலேயே நேபாளத்துக்கு வந்து, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் தனியாக ஏறியவர் யோரான் க்ராப். மே 3ஆம் தேதி, உச்சிக்குச் சுமார் நூறு மீட்டர் கீழே நின்று நேரத்தைப் பார்த்தார். பிற்பகலாகிவிட்டது. இனி உச்சியைத் தொட்டால் இருட்டுவதற்குள் இறங்க முடியாது என்று திரும்பிவிட்டார். மலையின் இரண்டாம் முகாமில் இருந்த நியூசிலாந்து வழிகாட்டி ராப் ஹால் அந்த முடிவை மனமாரப் பாராட்டினார். க்ராப் உச்சியைத் தொட்டிருந்தால்கூடத் தனக்கு அவர்மேல் இத்தனை மதிப்பு வந்திருக்காது என்ற பொருளில் அவர் பேசியதை, ஹாலின் குழுவில் இருந்த பத்திரிகையாளர் ஜான் க்ராக்கவர் பதிவு செய்திருக்கிறார்.

ஒரே வாரம் கழித்து, மே 10 அன்று, அதே ராப் ஹால் உச்சியில் மாலை நான்கு மணி தாண்டியும் நின்றுகொண்டிருந்தார். அவருடைய குழுவைச் சேர்ந்த டக் ஹேன்சன், அஞ்சல் துறை ஊழியர், அப்போதுதான் தள்ளாடி மேலே வந்துகொண்டிருந்தார். முந்தைய வருடம் உச்சிக்கு அருகில் ஹேன்சனைத் திருப்பி அனுப்பியவர் ஹால். மறுபடி வா என்று தொலைபேசியில் பலமுறை அழைத்தவரும் அவரே. இந்த முறையும் வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. புயல் அடித்தது. இருவரும் உயிரோடு இறங்கவில்லை. மற்றொரு குழுவின் தலைவரான ஸ்காட் ஃபிஷர் உச்சியைத் தொட்டபோது பிற்பகல் 3.40. அவரும் திரும்பவில்லை. மலையின் வடக்குப் பக்கத்தில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் மூன்று வீரர்களையும் சேர்த்து, அந்தப் புயலில் இறந்தவர்கள் எட்டுப் பேர்.

ஹால் கற்றுக்குட்டி அல்ல. அதற்கு முந்தைய ஆறு வருடங்களில் 39 பேரை எவரெஸ்ட் உச்சிக்குக் கொண்டுபோனவர். திரும்புவதுதான் சரி என்பதும் அவருக்குத் தெரியும். க்ராப் விஷயத்தில் அதைத்தானே பாராட்டினார்? அப்படியானால் தெரிந்திருப்பது மட்டும் போதவில்லை. உங்கள் கேள்விக்கு நான் கொடுக்கும் பதில் முழுவதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

உச்சிக்குப் போகிறவர்கள் 'திரும்பும் நேரம்' ஒன்றை வைத்துக்கொள்வார்கள். எங்கே நின்றாலும், அந்த நேரம் வந்துவிட்டால் இறங்க வேண்டும். அன்று அது பிற்பகல் ஒரு மணியா, இரண்டு மணியா என்பதை ஹால் கடைசிவரை தீர்த்துச் சொல்லவில்லை. அந்த நேரத்துக்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. சுமார் 7,900 மீட்டரில் உள்ள சவுத் கோல் முகாமிலிருந்து நள்ளிரவையொட்டிக் கிளம்பினார்கள். கையிருப்பு ஆக்சிஜன் மறுநாள் மாலை நான்கு, ஐந்து மணிக்கு மேல் வந்திருக்காது. ஆகவே இறங்குவதற்கு எவ்வளவு வேண்டும் என்று முதலில் ஒதுக்கி, மிச்சத்தில்தான் ஏற வேண்டும். எண்ணாயிரம் மீட்டருக்கு மேலே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அங்கே மூளை சரியாக வேலை செய்யாது. அதனால்தான் முடிவை முகாமிலேயே எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் நான் தேடிய கணக்கு இதுதான், அது இல்லை. சோலார் பிரிவு லாபத்துக்கு வர இன்னும் எவ்வளவு தேவை என்று நிச்சயம் எழுதி வைத்திருப்பீர்கள். அதை மூடுவதென்றால் எவ்வளவு தேவை என்று எழுதியிருக்கிறீர்களா? தொழிலாளர்களின் சம்பள பாக்கி, பி.எஃப்., பணிக்கொடை, பேனல் சப்ளை செய்தவருக்குத் தர வேண்டியது, டீலர்களின் முன்பணம், விற்ற பம்புகளுக்கு நீங்கள் கொடுத்த உத்தரவாதம், வங்கிக் கடன். இத்தனையும் நாணயமாகத் தீர்க்க ஒரு தொகை வேண்டும். கையில் இருப்பதும் கடனாகப் பெறக்கூடியதும் சேர்ந்து அந்தத் தொகை அளவுக்குக் குறைந்துவிடும் நாள்தான் உங்கள் திரும்பும் நேரம். அதைத் தாண்டி ஒரு மாதம் ஓட்டினாலும் அடுத்தவர் பணத்தில் ஓட்டுகிறீர்கள் என்று பொருள். பழைய மோட்டார் பிரிவில் வேலை செய்கிறவர்களின் பிழைப்பும் அதில் அடக்கம்.

அடுத்தது, உங்கள் ஆட்களின் மௌனம். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். மேலே போன பிறகு எதிர்வாதம் கூடாது, என் சொல்லே இறுதி என்று ஹால் தன் குழுவிடம் முன்பே அறிவித்திருந்தார். ஃபிஷரின் குழுவில் நீல் பைடில்மன் என்ற வழிகாட்டிக்கு மணி தாண்டுவது உறுத்தியது. ஆனால் வழிகாட்டிகளில் தான் மூன்றாம் இடத்தில் இருப்பவன் என்று வாய் திறக்கத் தயங்கினார். மேலாண்மைப் பேராசிரியர் மைக்கேல் ராபர்ட்டோ 2002இல் இந்த விபத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், போட்ட பணத்தின் மேலுள்ள பற்று, அளவு கடந்த தன்னம்பிக்கை ஆகியவற்றோடு இந்த வாய்ப்பூட்டையும் ஒரு முக்கியக் காரணமாகக் காட்டுகிறார். அப்பா காலத்து ஃபோர்மேன் முதலாளியிடம் வந்து 'போதும்' என்று தானாகச் சொல்ல மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும், தனியாக, அவர் சொல்வதை மறுக்காமல்.

அன்று பாதியில் திரும்பிப் பிழைத்த மூவரையும் நினைத்துப் பாருங்கள். ஸ்டூவர்ட் ஹட்சிசன், ஜான் டாஸ்க், லூ கசிஷ்கே. மூவரும் ஹாலின் வாடிக்கையாளர்கள், ஆளுக்குப் பெரும் பணம் கட்டி வந்தவர்கள். காலை பதினொன்றரை மணிவாக்கில், உச்சிக்கு இன்னும் எத்தனை நேரம் என்று ஹட்சிசன் ஹாலிடமே கேட்டார். சுமார் மூன்று மணி நேரம் என்றார் ஹால். கூட்டிப் பார்த்தார்கள், கணக்கு உதைத்தது, இறங்கிவிட்டார்கள். அன்றைய மலையில் ஆகச் சிறந்த தலைமைப் பண்பு அந்த மூவரிடம்தான் இருந்தது என்பது என் தீர்மானமான கருத்து.

திரும்பினால் ஊர் என்ன சொல்லும் என்ற கவலை உங்கள் வரிகளுக்கிடையே தெரிகிறது. க்ராப் அதே மாதம் 23ஆம் தேதி மறுபடி ஏறி உச்சியைத் தொட்டார். மலையேற்ற வீரர் எட் வீஸ்டர்ஸ் அன்னபூர்ணாவில் இரண்டு பயணங்களில் பாதியில் திரும்பி, 2005இல் அதை ஏறி முடித்தார். உலகின் பதினான்கு எண்ணாயிரம் மீட்டர் சிகரங்களில் அவருக்குப் பாக்கியிருந்தது அது ஒன்றுதான். சோலார் பம்புக்கான சந்தையும் எங்கும் ஓடிவிடாது. கடனில்லாத கம்பெனி இரண்டு வருடம் கழித்து அதே பொருளோடு திரும்பி வரலாம்.

சோலார் பிரிவை இன்றே மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கணக்குகளைப் பார்க்காமல் அப்படிச் சொல்வது முறையல்ல. இந்த வாரமே ஆடிட்டரோடு உட்கார்ந்து, மூடுவதற்கான தொகையைக் கணக்கிட்டு, அதிலிருந்து ஒரு தேதியை எழுதுங்கள். அந்தக் காகிதத்தில் உங்கள் மனைவியும் ஃபோர்மேனும் கையெழுத்திடட்டும். அந்தத் தேதி வரும்போது நீட்டிக்கும் அதிகாரத்தை உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள், ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.