ஓநாயிடமிருந்து குழந்தையைக் காப்பவர் யார்? – சிறார் கதையின் நாட்டு வேறுபாடுகள்: ஓர் ஒப்பியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஒரே கதை வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு முடிவுகளைப் பெறும்போது, அவ்வேறுபாட்டை அந்தந்த நாட்டு மக்களின் இயல்பாகக் கொள்வது பொதுவழக்கு. இக்கட்டுரை, மூதாட்டி அல்லது தாயின் உருவில் வரும் கொடுவிலங்கு பற்றிய கதையின் பிரெஞ்சு, செருமானிய, கொரிய, தைவானிய வடிவங்களை ஒப்பிடுகிறது. விலங்கும் உணவும் பயிரும் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. ஆனால், குழந்தை தப்புகிறதா, தப்பினால் யாரால் தப்புகிறது என்பது நாட்டைவிட, கதை யாரை நோக்கிச் சொல்லப்பட்டது, எவ்வடிவில் பதிப்பிக்கப்பட்டது என்பவற்றையே மிகுதியும் சார்ந்துள்ளது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: சிறார் கதை, கதைவகை, திரிபு வடிவம், வாய்மொழி மரபு, பதிப்பு, ஒப்பியல்

முன்னுரை

நாட்டார் கதைகளை உலக அளவில் வகைப்படுத்தும் முயற்சியைப் பின்லாந்து அறிஞர் ஆன்டி ஆர்னே 1910-இல் தொடங்கினார். அமெரிக்கரான ஸ்டித் தாம்சன் அதனை 1928-இலும் 1961-இலும் விரிவுபடுத்தினார். செருமானியரான ஹான்ஸ்-யோர்க் ஊதர் 2004-இல் திருத்தி வெளியிட்டார். இவ்வகைப்பாட்டில் 333-ஆம் எண்ணுடையது ‘செந்தொப்பிச் சிறுமி’ கதை. பாட்டியின் வேடத்தில் படுத்திருக்கும் ஓநாயிடம் அகப்படும் சிறுமியைப் பற்றியது அது. தாயின் குரலைப் போலியாகக் காட்டி ஆட்டுக்குட்டிகளை ஏமாற்றும் ஓநாயின் கதை 123-ஆம் எண்ணைப் பெறுகிறது. இவ்விரு வகைகளோடும் உறவுடைய கதைகள் ஐரோப்பாவிலும் கிழக்காசியாவிலும் பரவலாக வழங்குகின்றன. எனவே, நாட்டு வேறுபாட்டை அளந்தறிய இக்கதைக் குடும்பம் ஏற்ற களமாகிறது.

அமெரிக்க வரலாற்றறிஞர் ராபர்ட் டார்ன்டன் 1984-இல் வெளியிட்ட நூலில், பிரெஞ்சு உழவர் கதைகள் நடப்பியலும் நகைச்சுவையும் மிக்கவை என்றும், செருமானியக் கதைகள் அச்சமும் இயற்கையிறந்த தன்மையும் மிக்கவை என்றும் வேறுபடுத்தினார். இத்தகைய நாட்டுப் பண்பு விளக்கம் எத்துணைத் தூரம் பொருந்தும் என்பதே இங்கு எழுப்பப்பெறும் வினா.

1. பிரான்சில் இரு முடிவுகள்

சார்ல் பெரோ 1697-இல் வெளியிட்ட எட்டு உரைநடைக் கதைகள் கொண்ட தொகுப்பில் ‘செந்தொப்பிச் சிறுமி’ இடம்பெற்றது. பெரோ பிரெஞ்சு அக்காதெமியின் உறுப்பினர். நூல், மன்னர் பதினான்காம் லூயியின் உடன்பிறந்தார் மகளுக்குப் படையலாக்கப்பட்டது. இவ்வடிவில் தாய் மகளுக்கு எவ்வெச்சரிக்கையும் தருவதில்லை. ஓநாய் சிறுமியை விழுங்குவதோடு கதை முடிகிறது, காப்பவர் எவருமிலர். இறுதியில் அமைந்த நீதிச் செய்யுள், இன்சொல் பேசிப் பின்தொடரும் ஆடவரை ஓநாய்களாக உருவகித்து இளம்பெண்களை எச்சரிக்கிறது. ஆகவே, இவ்வடிவின் முதன்மை வாசகர் சிறுகுழந்தையர் அல்லர். அரண்மனை, வரவேற்பறைச் சூழலைச் சார்ந்தோரே எனலாம்.

இதே பிரான்சின் நிவெர்னே பகுதியில் 1885-ஆம் ஆண்டையொட்டிப் பதிவுசெய்யப்பட்ட வாய்மொழி வடிவம் முற்றிலும் வேறானது. நாட்டாரியல் அறிஞர் பவுல் தெலாருவின் ஆய்வுகளால் பரவலாக அறியப்பட்ட இவ்வடிவில் சிவப்புத் தொப்பி இல்லை. ஓநாய்மனிதன் சிறுமியிடம் ஊசிகளின் பாதை, குண்டூசிகளின் பாதை ஆகிய இரண்டில் எதில் செல்கிறாய் என வினவுகிறான். படுக்கையில் கிடப்பது பாட்டியல்லள் என உணர்ந்த சிறுமி, வெளிக்குச் செல்லவேண்டும் என்கிறாள். அவன் அவள் காலில் கம்பளி நூலைக் கட்டி அனுப்புகிறான். அவளோ முற்றத்திலிருந்த பிளம் மரத்தில் அந்நூலைக் கட்டிவிட்டு வீடு சேர்கிறாள்.

இவ்வடிவம் பெரோவின் நூலுக்குப் பிந்திப் பதிவானது. ஆகவே, பதிவுக் காலத்தை மட்டும் கொண்டு இதனை முந்தையது எனல் ஆகாது. எனினும், ஒரே நாட்டில் ஒரே கதைக்கு இறப்பும் தப்புதலும் ஆகிய இரு முடிவுகள் வழங்கின என்பது ஐயமற்றது. ‘பிரெஞ்சு வடிவம்’ என ஒருமையில் சுட்டுவது இதனால் பொருத்தமற்றதாகிறது.

2. செருமானிய வடிவமும் பதிப்பாசிரியர் பணியும்

யாக்கோப், வில்கெல்ம் ஆகிய கிரிம் உடன்பிறந்தார் தம் தொகுப்பின் முதற்பகுதியை 1812-இல் வெளியிட்டனர். இதில் தாய், வழிவிலகிச் செல்லாதே என மகளை அறிவுறுத்துகிறாள். விழுங்கப்பட்ட பாட்டியையும் பேர்த்தியையும் வேட்டைக்காரர் ஓநாயின் வயிற்றைக் கிழித்து மீட்கிறார். பின்னர் அதன் வயிற்றில் கற்கள் நிரப்பப்படுகின்றன. தாய் சொல் மீறேன் எனச் சிறுமி உறுதிகொள்கிறாள். பிழை, தண்டனை, மீட்பு, திருந்துதல் என்னும் வரன்முறை இதில் அமைந்துள்ளது.

இங்கு மூன்று செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவது, இக்கதையைக் கிரிம் உடன்பிறந்தார்க்குச் சொன்னோர் காசெல் நகரின் ஹாசென்ப்ளூக் குடும்பத்து மகளிர். அவர்கள் தாய்வழியில் பிரெஞ்சுச் சீர்திருத்தக் கிறித்தவ மரபினர். செருமானியக் கதை எனப்பெறுவதன் வேரே எல்லை கடந்தது. இரண்டாவது, வயிற்றைக் கிழித்துக் கல்நிரப்பும் நிகழ்ச்சி, அதே தொகுப்பில் உள்ள ஏழு ஆட்டுக்குட்டிகள் கதையிலும் காணப்படுகிறது. மூன்றாவது, கிரிம் பதிப்பில் இக்கதைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. அதில் வேறோர் ஓநாய் வருகிறது. இம்முறை சிறுமி வழிவிலகாமல் பாட்டியிடம் சென்று செய்தி சொல்கிறாள். இருவரும் கதவைத் தாழிடுகின்றனர். கொத்திறைச்சி வேகவைத்த நீரைத் தொட்டியில் நிரப்ப, அம்மணத்தால் கூரையிலிருந்து சறுக்கி விழும் ஓநாய் அதில் மூழ்கி மடிகிறது. இங்கு வேட்டைக்காரர் தேவைப்படவில்லை.

இத்தொடர்ச்சி இன்றைய படப் புத்தகங்கள் பலவற்றில் இடம்பெறுவதில்லை. தொகுப்பு முதலில் அறிஞர்க்குரிய குறிப்புகளுடன் வெளிவந்தது. 1825-இல் ஐம்பது கதைகள் கொண்ட சிறு பதிப்பு சிறுவர்க்கென வெளியிடப்பட்டது. 1857 வரை பெருந்தொகுப்பு ஏழு பதிப்புகள் கண்டது. வாசகர் சிறுவராக மாறமாற, மீட்கும் பெரியவரும் கீழ்ப்படியும் குழந்தையும் கதையின் மையத்தில் நிலைபெற்றனர் எனக் கருத இடமுண்டு.

3. கிழக்காசியாவில் புலி

தைவானில் வழங்கும் ‘புலி அத்தை’ கதையில், தாய் இல்லாத வேளையில் உறவினள் உருவில் புலி வீட்டினுள் நுழைகிறது. இரவில் இளைய பிள்ளையைத் தின்னும் ஒலி கேட்கிறது. என்ன தின்கிறாய் என்னும் மூத்தவளின் வினாவுக்குக் கிடைக்கும் விடை, நிலக்கடலை என்பது. உண்மையை உணர்ந்த அவள் வெளிக்குச் செல்லவேண்டும் என்கிறாள். புலி அவளைக் கயிற்றில் கட்டி அனுப்ப, அவள் அதனை அவிழ்த்துவிட்டு மரமேறுகிறாள். பின் கொதிக்கும் எண்ணெயை ஊற்றிப் புலியைக் கொல்கிறாள்.

நிவெர்னேயின் கம்பளி நூலும் தைவானின் கயிறும் ஒரே உத்தி. கண்டங்கள் கடந்த இவ்வொப்புமை, ஒரே நாட்டுக்குள் பெரோவின் வடிவத்துக்கும் வாய்மொழி வடிவத்துக்கும் இடையிலுள்ளதைவிட நெருக்கமானது. மானிடவியலறிஞர் ஜாம்ஷித் தெஹ்ரானி 2013-இல், உயிரினங்களின் மரபுவழியை வரையும் முறையைக் கொண்டு 58 திரிபு வடிவங்களை ஆராய்ந்தார். கிழக்காசியக் கதைகள் 333, 123 ஆகிய இருவகைகளின் கூறுகளும் கலந்தவை என்பது அவர் கண்ட முடிவு.

கொரிய வடிவம் வேறொரு பாதை காட்டுகிறது. அரிசிப் பணியாரம் விற்றுத் திரும்பும் தாயைப் புலி கொன்று, அவள் உடையணிந்து வீட்டுக்கு வருகிறது. கையைக் காட்டுமாறு கேட்டு ஐயுறும் அண்ணனும் தங்கையும் மரத்தில் ஏறுகின்றனர். மரமேற எண்ணெய் தடவவேண்டும் எனச் சொல்லி அண்ணன் புலியை ஏமாற்றுகிறான். தங்கையோ கோடரியால் வெட்டி ஏறலாம் என வாய்தவறிச் சொல்லிவிடுகிறாள். வேண்டுதலால் வானிலிருந்து இறங்கிய கயிற்றைப் பற்றி அவர்கள் ஞாயிறும் திங்களும் ஆகின்றனர். புலிக்கு வந்த கயிறு இற்றது. அது விழுந்த சோளக்கொல்லையின் தாள்கள் குருதியால் சிவந்தன. இங்குக் குழந்தையின் அறிவும் விண்ணின் அருளும் இணைகின்றன. சிறுமியின் பிழை தண்டனைக்குரியதாகக் கருதப்படவில்லை என்பது கிரிம் வடிவத்தோடு ஒப்பிட்டு எண்ணத்தக்கது.

4. மாறுவனவும் மாறுதலின் காரணமும்

மேற்கண்ட ஒப்பீட்டால் இருநிலை வேறுபாடுகள் புலனாகின்றன. ஓநாய்–புலி, பிளம் மரம்–சோளக்கொல்லை, கொத்திறைச்சி–அரிசிப் பணியாரம் ஆகியன நிலத்தையும் வாழ்வையும் சார்ந்த வேறுபாடுகள். இவற்றை நாட்டு வேறுபாடு எனத் தயக்கமின்றிக் கூறலாம். முடிவில் காணும் வேறுபாடு இத்தகையதன்று. வரவேற்பறைப் பதிப்பில் சிறுமி இறக்கிறாள். சிறுவர் பதிப்பில் பெரியவரால் மீட்கப்படுகிறாள். வாய்மொழியில் பிரான்சாயினும் தைவானாயினும் தன் அறிவால் தப்புகிறாள்.

ஒரு நாட்டின் அச்சுவடிவத்தை மற்றொரு நாட்டின் வாய்மொழி வடிவத்தோடு ஒப்பிட்டு, அதனைக் கொண்டு மக்களின் இயல்பை வரையறுப்பது இதனால் பிழைபடும். எட் யங் 1989-இல் உருவாக்கி, 1990-இல் கால்டிகாட் பதக்கம் பெற்ற சீனக் கதைப் படநூலில், மூன்று சகோதரியர் ஓநாயைக் கூடையில் வைத்து மரத்தின்மீது தூக்கிக் கைவிடுகின்றனர். அச்சுக்கு வந்தாலே குழந்தையின் அறிவு மறையவேண்டும் என்னும் கட்டாயமில்லை. அது பதிப்பாசிரியரின் தெரிவைப் பொறுத்தது என்பதற்கு இது சான்றாகிறது.

முடிவுரை

சிறார் கதைகளின் நாட்டு வேறுபாட்டை ஆராய்வோர் வாய்மொழியை வாய்மொழியோடும் அச்சை அச்சோடும் ஒப்பிடுதல் வேண்டும். சொன்னவர், கேட்டவர், பதிப்பித்தவர் ஆகியோரைப் பற்றிய செய்தியும் கதைப் பாடத்தோடு பதிவாதல் வேண்டும். தமிழ்நாட்டார் கதைகளைத் தொகுப்போர்க்கும், அவற்றைச் சிறுவர்க்கென மாற்றியெழுதுவோர்க்கும் இது பொருந்தும். அச்சமூட்டும் பகுதியை நீக்கும்போது, அவ்வச்சத்தை வென்ற குழந்தையின் சூழ்ச்சியும் உடன் நீங்கிவிடக்கூடும். அந்நிலையில் கதை மென்மையாகலாம். ஆனால், தப்பும் வழியைக் குழந்தைக்குக் காட்டும் ஆற்றலை அது இழந்துவிடுகிறது.