மவுஸில் வரையும் கோடு முறியாமல் வர...

லினக்ஸில் ஜிம்ப், கிரிட்டா, இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருள்களில் மவுஸால் வரைபவர்களுக்கு உள்ள பெரிய தொல்லை, வளைத்து இழுத்த கோடு கரடுமுரடாக வந்து விழுவது. டேப்லெட் வாங்க வசதியில்லாத பிள்ளைகள் இதனாலேயே வரைவதை விட்டுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் காசு செலவில்லாமலே இதைச் சரிசெய்யலாம்.

1. முதலில் கோளாறு எந்த வகை என்று கண்டுபிடியுங்கள். படத்தை 100 சதவீத அளவில் வைத்து, ஒரு பெரிய வட்டத்தை ஒருமுறை வேகமாகவும் ஒருமுறை மெதுவாகவும் வரையுங்கள். இரண்டிலும் விளிம்பு படிக்கட்டாகத் தெரிந்தால் குறை மென்பொருள் அமைப்பில். வேகமாக வரைந்தது மட்டும் நேர்க்கோட்டுத் துண்டுகளாக உடைந்தால் மவுஸ் போதுமான புள்ளிகளை அனுப்பவில்லை. மெதுவாக வரைந்ததுதான் நெளிகிறது என்றால் அது கை நடுக்கம்.

2. படிக்கட்டு விளிம்புக்கு: ஜிம்பில் பென்சில் கருவி மென்மையில்லாத விளிம்போடுதான் வரையும், அதன் வேலையே அது. பெயிண்ட்பிரஷ்ஷுக்கு மாறுங்கள். அப்படியும் போகவில்லையா? ஜிஃப் கோப்பைத் திறந்திருந்தால் படம் இண்டெக்ஸ்டு முறையில் இருக்கும். இமேஜ் மெனுவில் மோட் என்பதற்குள் போய் ஆர்ஜிபி ஆக்கினால் சரியாகிவிடும். கிரிட்டாவில் பிக்சல் ஆர்ட் பிரஷ் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

3. துண்டு துண்டாக உடைவதற்கு: சாதாரண யூஎஸ்பி மவுஸ் பொதுவாக நொடிக்கு 125 முறைதான் தன் இருப்பிடத்தைச் சொல்லும். 600 பிக்சல் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு சுமார் 1,885 பிக்சல். அதைக் கால் நொடியில் சுற்றினால் கிடைப்பது 31 புள்ளிகள், அதாவது 60 பிக்சலுக்கு ஒன்று. இடைவெளியை நேர்க்கோட்டால் நிரப்பினால் வட்டம் பலகோணமாகத்தானே தெரியும்? எனவே முதல் மருந்து, மெதுவாக இழுப்பது. கேமிங் மவுஸ் இருந்தால் பைப்பர் என்ற செயலியில் இந்த எண்ணிக்கையை 1000 வரை உயர்த்தலாம். எல்லா மாடலுக்கும் அது பொருந்தாது. கெர்னலில் யூஎஸ்பிஹிட் தொகுதிக்கு மவுஸ்போல் என்ற அமைப்பும் உண்டு. அதன் மதிப்பு மில்லி நொடியில்: 8 என்றால் நொடிக்கு 125, 1 என்றால் 1000. பழைய கணினிகளின் 2.0 போர்ட்டில் இது பலன் தரும். யூஎஸ்பி 3 போர்ட்டில் பல சமயம் எடுபடாது.

4. பெரிய கேன்வாஸில் பெரிய பிரஷ்ஷால் இழுக்கும்போது மட்டும் கோடு திணறிப் பின்தங்குகிறதா? கணினிக்குச் சுமை அதிகம். கிரிட்டாவில் இன்ஸ்டன்ட் பிரிவியூவை இயக்குங்கள்.

5. கை நடுக்கத்துக்கு: கிரிட்டாவின் டூல் ஆப்ஷன்ஸில் பிரஷ் ஸ்மூத்திங் இருக்கிறது. அதில் வெயிட்டட் என்ற முறை போதாவிட்டால் ஸ்டெபிலைசரைத் தேர்ந்தெடுங்கள். கோடு கையைக் கொஞ்சம் பின்தொடர்ந்து வரும். இறுதி மைக்கோட்டுக்கு மிக நல்லது. முதல் ஸ்கெட்சுக்கு வேண்டாம், கோட்டின் உயிரை அது கொன்றுவிடும். ஜிம்பில் இதே வேலையை ஸ்மூத் ஸ்ட்ரோக் செய்கிறது; வெயிட் மதிப்பைக் கூட்டிக்கொண்டே போய்ப் பாருங்கள். இங்க்ஸ்கேப் பென்சிலில் ஸ்மூத்திங் அளவைக் கூட்டலாம். வரைந்து முடித்த கோட்டைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், எல் அழுத்தினாலும் தேவையற்ற முனைகள் குறையும்.

6. மவுஸ் அமைப்பில் ஆக்சிலரேஷனை நிறுத்திவிடுங்கள். அது இருக்கும்வரை ஒரே தூரம் நகர்த்தினாலும் வேகத்தைப் பொறுத்து கோட்டின் நீளம் மாறும், கை பழகவே பழகாது.

7. கண்ணாடி மேஜையும் பளபளப்பான பரப்பும் ஆப்டிகல் மவுஸுக்கு ஆகாது. ஒரு வெள்ளைத்தாளை அடியில் விரித்தாலே போதும்.

8. வயர்லெஸ் மவுஸின் ரிசீவரை யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகியிருந்தால், பக்கத்தில் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுந்து மவுஸின் சிக்னலைக் கெடுக்கும். ரிசீவரைச் சிறு நீட்டிப்புக் கேபிளில் மாட்டித் தள்ளி வையுங்கள்.

9. விர்ச்சுவல் மெஷினுக்குள் லினக்ஸ் ஓட்டுகிறவர்கள், பென் டிரைவிலிருந்து நேரடியாக லினக்ஸை இயக்கி ஒருமுறை வரைந்து பாருங்கள். அங்கே கோடு சீராக வந்தால் குறை விர்ச்சுவல் மெஷினில்தான்; மேலே சொன்ன எதுவும் தேவைப்படாது.

10. எழுத்து, லோகோ போலத் துல்லியம் வேண்டிய வேலைக்கு மவுஸை இழுக்கவே வேண்டாம். ஜிம்பில் பாத் கருவியால் நாலைந்து புள்ளி வைத்து, பிடிகளை இழுத்து வளைத்து, ஸ்ட்ரோக் பாத் கொடுங்கள். டேப்லெட் வைத்திருப்பவர்களிலும் பலர் இப்படித்தான் செய்கிறார்கள்.