'எல்' பலகையுடன் ஓடும் காலம்

கொக்கட்டிச்சோலை வயற்பாதைகளில் நீங்கள் பல வருடம் உழவு இயந்திரம் ஓடியிருக்கலாம். மண்முனைப் பாலத்தால் ஏறி வந்தால் பொலிசார் கேட்பது சாரதி அனுமதிப்பத்திரத்தைத்தான்.

எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்ததும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் தருவது பயிலுநர் அனுமதிப்பத்திரம். அது ஓடிப் பழகுவதற்கு மட்டுமே. வாகனத்தின் முன்னும் பின்னும் 'எல்' பலகை தெரிய வேண்டும்; கார், வான் என்றால் அனுமதிப்பத்திரமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். செய்முறைப் பரீட்சைக்குக் குறைந்தது 3 மாதம் பொறுக்க வேண்டும்.

அந்த 3 மாதத்துக்குள் ஓட்டோவை ஹயருக்கு ஓடத் தொடங்கிவிடாதீர்கள். தவணைக்காசு நெருக்கும், அது விளங்குகிறது. ஆனால் ஆளேற்றிப் போய் விபத்து நடந்தால் காப்புறுதிப் பணம் மறுக்கப்படலாம். காயப்பட்டவரின் செலவும் உங்கள் தலையில் விழும். ஓட்டோவுக்குக் கடன் எடுக்குமுன் பரீட்சைக்கு விண்ணப்பியுங்கள். முதல் தவணையைச் செய்முறைப் பரீட்சைக்குப் பிறகு வைக்கும்படி கேட்டுப் பாருங்கள்.