திறக்க மறுக்கும் குறியாக்கக் கோப்பு

இரும்புப் பெட்டியின் சாவி தொலைந்துவிட்டால் பூட்டுக் கொல்லரை அழைக்கிறோம். அவர் கம்பியாலோ அரத்தாலோ எப்படியேனும் திறந்துவிடுகிறார். பூட்டுக் கெட்டாலும் உள்ளிருக்கும் பொருள் கெடுவதில்லை. கணிப்பொறியில் குறியாக்க முறையால் காக்கப்பட்ட கோப்புகளுக்கு இவ்வுவமை பொருந்தாது. அங்கே பூட்டு என்று தனியாக ஒன்றில்லை. பொருளே உருமாறிக் கிடக்கிறது. கடவுச்சொல் மெய்யாகவே மறந்துபோயிற்று எனில் உதவக்கூடிய கொல்லர் எவரும் இலர். ஆயினும் கோப்புத் திறக்க மறுக்கும்போதெல்லாம் கடவுச்சொல் போயிற்று என்று முடிவு கட்டுதல் தவறு. காரணம் அற்பமாகவும் இருக்கலாம். அதைத் தேடுமுன் அவசரப்பட்டுச் செய்யும் காரியங்களே பேரிழப்பை விளைவிக்கின்றன.

வெராகிரிப்ட் என்னும் இலவச மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 2014 மே மாதத்தில் கைவிடப்பட்ட ட்ரூகிரிப்டின் வழிவந்தது இது. நாம் தரும் கடவுச்சொல்லே கோப்புகளைப் பூட்டுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. கோப்புகளைப் பூட்டும் மூலத் திறவு, மென்பொருளே தற்போக்காக உண்டாக்கிய ஓர் எண். அவ்வெண் தொகுதியின் தொடக்கத்தில் 512 பைட் அளவுள்ள தலைப்பகுதியில் வைக்கப்படுகிறது. கடவுச்சொல் பூட்டுவது இந்தத் தலைப்பகுதியை மட்டுமே. நூறு ஜி.பி. அளவுள்ள வட்டேயாயினும் அதன் உயிர் இந்த 512 பைட்டுகளில்தான் இருக்கிறது.

தலைப்பகுதியைத் திறந்து பார்த்தபின், உள்ளே ‘வெரா’ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் கடவுச்சொல் சரி என்று மென்பொருள் அறிந்துகொள்கிறது. தெரியாவிட்டால், கடவுச்சொல் தவறா, தலைப்பகுதி சிதைந்ததா, அன்றி இது வேறு ஏதோ கோப்பா என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. ஆகவேதான் ‘கடவுச்சொல் தவறு, அல்லது இது வெராகிரிப்ட் தொகுதியன்று’ என்று இருபொருள்பட ஒரே செய்தியைத் தருகிறது. அச்செய்தியைக் கண்டவுடன் நினைவாற்றலை நொந்துகொள்ளுதல் வேண்டா.

முதலில் விசைப்பலகையைப் பார்க்க வேண்டும். பெரிய எழுத்து விசை அழுந்தியிருக்கலாம். தமிழ் உள்ளீடு இயங்கிக்கொண்டிருக்கலாம். பிரிட்டிஷ் ஆங்கில அமைப்பு உள்ள கணிப்பொறியில், மின்னஞ்சல் முகவரியில் வரும் ‘@’ குறியும் இரட்டை மேற்கோள் குறியும் அமெரிக்க அமைப்பிலிருந்து இடம் மாறியிருக்கும். கடவுச்சொல்லை நோட்பேடில் ஒருமுறை அடித்துக் கண்ணால் பார்த்துவிட்டு, சேமிக்காமல் மூடிவிடுதல் எளிய சோதனை. அடுத்து, தொகுதியை உண்டாக்கியபோது ‘பி.ஐ.எம்.’ எனும் எண் ஒன்று கொடுக்கப்பட்டதா என்று நினைவுகூர வேண்டும். 2015 முதல் உள்ள வசதி இது. கொடுத்திருந்தால் ஒவ்வொரு முறையும் அதையும் தந்தாக வேண்டும்.

சிலர் கடவுச்சொல்லோடு ஒரு புகைப்படத்தையும் திறவுக் கோப்பாக வைத்திருப்பர். அதன் பெயரை மாற்றினால் கேடில்லை. உள்ளடக்கத்தின் முதல் 10,48,576 பைட்டுகளில் ஒன்று மாறினாலும் திறக்காது. வாட்ஸாப்பில் படமாக அனுப்பித் திரும்பப் பெற்ற பிரதி கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினும், வழியில் சுருக்கப்பட்டிருக்குமாதலால் பயன்படாது. மூலப் படத்தைத்தான் தேட வேண்டும்.

இவையெல்லாம் சரியாயிருந்தும் திறக்கவில்லையெனில் தலைப்பகுதியை ஐயுற வேண்டும். இக்கட்டுரையாளர் அறிந்த ஒரு குடும்பத்தில், காலஞ்சென்ற தந்தையார் வீட்டுக் கிரயப் பத்திரங்களின் படிகளையும் பழைய புகைப்படங்களையும் முழுதும் குறியாக்கிய வெளி வட்டு ஒன்றில் வைத்திருந்தார். கடவுச்சொல் அவருடைய நாட்குறிப்பில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. மகன் வட்டைப் பொருத்தியதும், இதைப் பயன்படுத்துமுன் ‘ஃபார்மட்’ செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்டது. வட்டு பழுதாயிற்று என்றெண்ணி அவர் உடன்பட்டுவிட்டார். உண்மையில் வட்டுக்கு ஒரு குறையும் இல்லை. குறியாக்கிய வட்டில் விண்டோஸுக்குப் புரியும் அமைப்பு எதுவும் தென்படாது; அதனால் அது காலி வட்டு என்றே கருதுகிறது. அக்கேள்விக்கு என்றும் ‘வேண்டாம்’ என்பதே விடை.

நல்வாய்ப்பாக அவர் செய்தது விரைவு முறை. அது தொடக்கத்தில் இருந்த தலைப்பகுதியை அழித்ததேயன்றி முழு வட்டையும் அழிக்கவில்லை. வெராகிரிப்ட் தொகுதியின் இறுதியில் தலைப்பகுதியின் மற்றொரு படி உண்டு. ஏற்றும்போது ‘உட்பொதிந்த காப்புத் தலைப்பகுதியைப் பயன்படுத்துக’ என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதே கடவுச்சொல்லுக்குத் திறந்துவிட்டது. கோப்புகளிற் சில மீளவில்லை, பத்திரங்கள் மீண்டன. முழு முறையில் ஃபார்மட் செய்திருந்தால் வட்டெங்கும் பூச்சியங்கள் எழுதப்பட்டு யாவும் போயிருக்கும். இத்தகைய முயற்சிகளுக்கு முன், இடமிருப்பின், வட்டை அப்படியே வேறொன்றில் படியெடுத்துக்கொண்டு அப்படியிலேயே சோதிப்பது விவேகம்.

தலைப்பகுதியைத் தனிக் கோப்பாகவும் எடுத்து வைக்கலாம். கடவுச்சொல்லை மாற்றும்போது மூலத் திறவு மாறுவதில்லை. ஆதலின் புதிய சொல்லை மறந்தவரும், முன்பு எடுத்துவைத்த தலைப்பகுதியைக் கொண்டு பழைய சொல்லால் திறந்துகொள்ளலாம். பழைய சொல்லை அறிந்த பிறரும் அக்கோப்புக் கிடைத்தால் திறப்பர் என்பதும் இதிலிருந்தே பெறப்படும்.

பழைய ட்ரூகிரிப்ட் தொகுதி வைத்திருப்போருக்கு ஒரு செய்தி: 2023இல் வந்த 1.26.7 பதிப்பு முதல் வெராகிரிப்ட் அவற்றைத் திறப்பதில்லை. 1.25.9 பதிப்பைக் கொண்டு திறந்து, புதிய தொகுதிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி விண்டோஸில் உள்ள பிட்லாக்கர். பயாஸைப் புதுப்பித்த பின்னர் மடிக்கணினி திடீரென 48 இலக்க மீட்புத் திறவைக் கேட்கக் கூடும். இயந்திரத்தின் நிலை மாறியதை அதன் பாதுகாப்புச் சில்லு உணர்ந்துகொண்டதே காரணம். மைக்ரோசாஃப்ட் கணக்கிலோ, அச்சிட்ட தாளிலோ, அலுவலகக் கணிப்பொறிப் பிரிவிலோ திறவு இருக்கக்கூடும். பல திறவுகள் அகப்பட்டால், திரையில் தோன்றும் அடையாளக் குறியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டு உரியதைத் தெரிந்துகொள்ளலாம்.

இத்திறவின் அமைப்பில் ஓர் அழகிய கணக்கு உண்டு. ஆறிலக்கக் குழுக்கள் எட்டும் தனித்தனியே 11ஆல் மீதியின்றி வகுபடும். கையால் எழுதிவைத்த திறவில் 3-ஐ 8 என்று படித்துவிட்டோமோ என ஐயம் எழுந்தால், பள்ளியில் கற்ற விதியே போதும். எடுத்துக்காட்டாக 123453 என்ற குழுவில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 1, 3, 5 சேர்ந்து 9. 2, 4, 3 சேர்ந்தும் 9. வேறுபாடு இல்லையாதலின் வகுபடும். இறுதி இலக்கத்தை 8 என்று படித்தால் ஒரு பக்கம் 9, மறு பக்கம் 14, வேறுபாடு 5. அக்குழு பிழை. ஓரிலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் இச்சோதனை காட்டிக்கொடுத்துவிடும். எட்டுக் குழுக்களையும் இவ்வாறு தாளில் சரிபார்க்கச் சில நிமிடங்களே ஆகும். பயாஸைப் புதுப்பிக்குமுன் பிட்லாக்கர் காப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தால் இக்கேள்வியே எழாது. புதுப்பித்தபின் மீண்டும் இயக்கிவிட வேண்டும்.