சுழியோடியும் கணக்கெடுப்பும்: உச்சமுனைக் கடலில் தொழில்முறைப் பயிற்சி

கற்பிட்டித் தீபகற்பத்துக்கு வடக்கே, ஒருபுறம் களப்பின் அமைதியான நீரும் மறுபுறம் மன்னார் வளைகுடாவை நோக்கிய திறந்த கடலும் சூழக் கிடக்கும் மணல் தீவுகளுள் ஒன்று உச்சமுனை. சுற்றுலாப் பயணிகள் இங்கு வரத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான் என்றாலும், நீருக்கடியில் இறங்கிப் பிழைப்பது இக்கரையோரத்துக்குப் புதிதன்று. வளைகுடாவின் முத்துக்குளிப்பு ஓய்ந்த பின்னும் சங்கு குளிப்பும், 1970களுக்குப் பின் பெருகிய கடலட்டைத் தொழிலும் இங்குள்ள இளைஞர்களைக் கடலடிக்கு அழைத்துக்கொண்டே இருந்தன. ஆகவே, கடல் பாதுகாப்புப் பணியோடு இணைந்த உள்ளகப் பயிற்சியின் வழியாகத் தொழில்முறைச் சுழியோடியாக விரும்பும் ஒருவர் கற்பிட்டிக் கடலைத் தேர்ந்தால், அவர் இறங்கப்போவது தம்மைவிட நன்றாகக் கடலை அறிந்தவர்கள் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் இடத்தில் என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

இப்பயிற்சிக்கான களம் பார் ரீஃப் எனப்படும் பவளப்பாறைத் தொகுதியாகும். ஏறத்தாழ 306 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இக்கடற்பகுதி 1992ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளது. 1998இல் கடல்நீர் வழக்கத்துக்கு மீறிச் சூடேறியபோது, பவள உயிரிகள் தம்முள் வாழ்ந்து தமக்கு உணவளிக்கும் நுண்பாசிகளை இழந்து வெண்ணிறமாகி மடியும் 'வெளிறல்' நேர்ந்து, இதன் ஆழம் குறைந்த பகுதிகள் பெரும்பாலும் அழிந்தன. பின்வந்த ஆண்டுகளில் மேசை வடிவப் பவளங்கள் வியக்கத்தக்க அளவில் மீண்டு வளர்ந்தன. 2016இல் மீண்டும் வெளிறல் தாக்கியது. இந்த ஏற்றத்தாழ்வு இன்று தெரிந்திருப்பதற்குக் காரணம், நாரா என்னும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி அபிவிருத்தி முகவரகத்தின் ஆய்வாளர்களும் பிறரும் மீண்டும் மீண்டும் இறங்கி எண்ணி வந்ததேயாகும். பாதுகாப்புப் பயிற்சியின் பயன் இவ்வகைத் தொடர் கணக்கில்தான் இருக்கிறது; கடலாமையோடு எடுத்துக்கொண்ட படங்களில் இல்லை.

தொழில்முறைக்கான படிநிலைகள் உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றே. 1966இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பாடி என்னும் பயிற்றுநர் அமைப்பின் முறையில், 18 மீட்டர் ஆழம் வரை இறங்கத் தகுதி தரும் முதல்நிலை, 30 மீட்டருக்கான மேல்நிலை, மீட்புச் சுழியோடி நிலை ஆகியவற்றைக் கடந்தவரே டைவ்மாஸ்டர், அதாவது பிறரை நீரடியில் வழிநடத்தும் தகுதி பெற்றவர், ஆகலாம்; 18 வயது நிரம்பியிருப்பதும், பயிற்சியில் சேர 40 இறக்கங்களும் சான்றிதழ் பெற 60 இறக்கங்களும் பதிவேட்டில் இருப்பதும் அதற்கு வேண்டும். இந்த எண்ணிக்கையை விரைந்து நிரப்பிவிடலாம் என்பதே இம்முறையின் பலவீனம். ஒரே தெளிந்த நீரில், ஒரே வழிகாட்டியின் பின்னே 60 முறை சென்றவரும், கலங்கல், நீரோட்டம், குளிர், துணைவரின் பதற்றம் ஆகிய அனைத்தையும் கண்டு 60 முறை சென்றவரும் பெறும் அட்டை ஒன்றுதான்.

கணக்கெடுப்புப் பணி இங்கேதான் உதவுகிறது. ரீஃப் செக் என்னும் பன்னாட்டு அமைப்பு 1996இல் வகுத்த முறையின்படி, பாறையின் மேல் 100 மீட்டர் நாடா விரிக்கப்பட்டு, இடையே 5 மீட்டர் விட்டு 20 மீட்டர் நீளமுள்ள நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. நாடாவை விரித்தபின் கலைந்த மீன்கள் திரும்பும் வரை கால் மணி நேரம் காத்திருந்து, 5 மீட்டர் அகலப் பட்டைக்குள் வண்ணத்துப்பூச்சி மீன், களவா, கிளிமீன் முதலியவற்றை எண்ணுவதும், அடுத்துச் சிங்கி இறால், முட்கிரீடம் என்னும் பவளந்தின்னி நட்சத்திர மீன், கடலட்டை ஆகியவற்றை எண்ணுவதும், இறுதியாக அரை மீட்டருக்கு ஒரு புள்ளியாக அடித்தளம் உயிர்ப்பவளமா, இறந்ததா, மணலா எனக் குறிப்பதும் முறை. இதைச் செய்பவர் பவளத்தின் மேல் கையெட்டும் தொலைவில் அசையாமல் மிதந்தபடி, பென்சிலால் பலகையில் எழுதிக்கொண்டே, காற்றழுத்த மானியையும் துணைவரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வழிகாட்டிக்கு வேண்டிய கவனப் பகிர்வை இதைவிட நன்றாகப் பழக்கும் வேறு பயிற்சியைக் காண்பது அரிது.

மிதப்பைச் சீராக வைப்பதில் பலரும் தடுமாறுவதன் காரணம் பெரும்பாலும் இடுப்பிலுள்ள ஈயக்கட்டிகளே. நிறைந்த சிலிண்டரிலுள்ள காற்றுக்கும் இரண்டு கிலோவுக்கு மேல் எடை உண்டு என்பதால், தொடக்கத்தில் சரியாக மூழ்கியவர் முடிவில் மேலெழும்பத் தொடங்குகிறார். அதற்கு அஞ்சித் தொடக்கத்திலேயே மிகுதியான ஈயத்தைக் கட்டிக்கொள்பவர் பின்னர் மிதப்புச் சட்டையில் காற்றை ஏற்றியும் இறக்கியும் அல்லலுறுகிறார், அவர் துடுப்பு பட்டு மேசைப் பவளம் உடைகிறது. சிலிண்டரில் 50 பார் அழுத்தமே எஞ்சியுள்ள நிலையில், 5 மீட்டர் ஆழத்தில் நின்று எடையைச் சரிபார்த்துக் குறித்துக்கொள்வதே தக்கது. அந்த ஆழத்தில் எப்படியும் மூன்று நிமிடம் நிற்கத்தான் வேண்டும்.

அந்த மூன்று நிமிடத்தின் பொருளை இக்கரையோரம் கசப்பாக அறிந்துள்ளது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுவதால், சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் இழையங்களிலும் கரைந்து தங்குகிறது. மெதுவாக ஏறினால் அது நுரையீரல் வழியே வெளியேறும், விரைந்து ஏறினால் உடலுக்குள்ளேயே குமிழியாகி மூட்டு வலி முதல் இடுப்புக்குக் கீழ் செயலிழப்பு வரை விளைவிக்கும். ஆழம் குறைந்த இடங்களில் கடலட்டை அருகியதால் மேலும் ஆழத்துக்கு, ஒரே நாளில் பல சிலிண்டர்களோடு, ஆழமானி இன்றியே இறங்கிய தொழிலாளர் பலர் இந்நோய்க்கு ஆளானார்கள். உயர் அழுத்த அறையில் வைத்துத் தரும் சிகிச்சை இலங்கையில் கடற்படையினரிடம் திருகோணமலையில் உள்ளது. உச்சமுனையில் பாதிக்கப்படுபவர் படகேறிக் கற்பிட்டிக்கு வந்து, அங்கிருந்து தீவின் குறுக்கே மறுகரை வரை செல்ல வேண்டும். எனவே படகில் ஒட்சிசன் சிலிண்டர் இல்லாத நிறுவனத்தில் சேர்வதைப் பற்றி ஆராயவே வேண்டியதில்லை. ஊர் திரும்ப விமானம் ஏறுபவர் அதற்கு முந்தைய 18 மணி நேரம் நீரில் இறங்காதிருப்பதும் இதே காரணத்தால்தான்.

பழைய முத்துக்குளிப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குபவர் தம் உயிர்க் கயிற்றை மைத்துனர் கையில் கொடுப்பது வழக்கம் என்பார்கள். தங்கையின் தாலிக்குத் தமையன் பொறுப்பு என்னும் கணக்கு அது. இன்றைய துணைவர் முறைக்கு அத்தகைய உறவுக் காப்பு இல்லாததால், இறங்குமுன் ஒருவர் கருவியை மற்றவர் சோதிப்பதைச் சடங்காக்கிவிடாமல் ஒவ்வொரு முறையும் செய்வது இன்றியமையாதது.

காலத்தைப் பொறுத்தவரை, நவம்பர் முதல் ஏப்ரல் வரையே இக்கடல் சுழியோடுவதற்கு இணங்கும். மே மாதத்தில் எழும் தென்மேல் பருவக்காற்று அக்டோபர் வரை நீரைக் கலக்கிவிடும். ஆகஸ்டில் கற்பிட்டியில் பவளக் கணக்கெடுப்பு என்று விளம்பரம் செய்பவர்களை ஐயுறலாம். அப்பருவத்தில் பயில்வோர் திருகோணமலையின் புறாத்தீவுப் பக்கம் செல்வதே நடைமுறை.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய வினாக்களுள் தலையாயது, எழுதிய பலகை எங்கே போகிறது என்பது. சரணாலயத்துக்குள் ஆய்வு செய்யத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அவ்வனுமதி உண்டா, தரவு நாராவையோ பல்கலைக்கழகத்தையோ சென்றடைகிறதா, சென்ற ஆண்டின் முடிவுகளைப் பார்க்க முடியுமா என்பவற்றுக்குத் தெளிந்த விடை தராத திட்டம், பாதுகாப்பு என்ற பெயரில் விற்கப்படும் விடுமுறையே. அடுத்த வினா, உள்ளூரார் எவரேனும் உடன் பயில்கிறார்களா என்பது. கடலட்டை எங்கே இருந்தது, எப்போது குறைந்தது என்பதை நாடா விரிக்காமலே சொல்லக்கூடியவர்கள் கற்பிட்டியிலும் தீவுகளின் மீன் வாடிகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கே அழுத்த அட்டவணையும் ஆழமானியும் முதலில் தேவை. கட்டணம் செலுத்தி வெளியிலிருந்து வரும் பயில்வோர், தம் குழுவில் அத்தகைய இளைஞர் ஒருவருக்கேனும் கட்டணமின்றி, தமிழிலேயே விளக்கிக் கற்பிக்கும் இடம் தருமாறு சேரும் நாளிலேயே நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.